சாவியை உருவிய பிறகு

வண்டிகளுக்குப் பேச்சு வந்து பதினேழு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் சாலையில் இரண்டு வண்டி மோதிக்கொண்டால் இறங்கிச் சண்டை போட்டவர்கள் மனிதர்கள். நீதான் வந்தாய், நான் நின்றேன், உனக்குக் கண் என்ன பிடரியிலா என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு இரண்டையும் எழுதிக்கொள்வார். இப்போது அந்தத் தொல்லை கிடையாது. பேசும் வண்டி ஒவ்வொன்றும் தான் கண்டதைப் பொது நினைவில் போட்டுவிடும். சாலைத் தீர்ப்பகம் அதைப் பார்த்துத் தீர்ப்பு எழுதும். மனிதர் சொல்லும் சாட்சி செல்லாது என்று சட்டம் வந்தே ஒன்பது வருடமாகிவிட்டது. மனிதன் மறப்பான், மழுப்புவான், சொந்தக்காரனுக்காகப் பொய் சொல்வான். வண்டிக்கு ஏது சொந்தக்காரன் என்று கேட்டார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கிள்ளான் மேரு சாலையில் இருக்கும் யோகமலரின் பட்டறையில் நிற்பவை எல்லாம் பேசாத வண்டிகள். ஊமைக்காடி என்று ஊரில் பெயர். போன நூற்றாண்டின் கடைசியில் ஜப்பானில் செய்து இறக்குமதியானவை, டர்போ வைத்தவை, அறுபது வயதை நெருங்கியும் முறுக்குக் குறையாதவை. பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு ஆனபோது, எல்லாரும் இவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார்கள். யோகமலர் செம்பனையிலிருந்து வடிக்கிற ஸ்பிரிட்டில் ஓடும்படி அவற்றை மாற்றினாள். எரிபொருள் பீய்ச்சும் ஊசிகளைப் பெரிதாக்கினாள், குழாய்களை மாற்றினாள், எஞ்சினின் மூளைக்குப் புதுக் கணக்கு எழுதினாள். இப்போது அவளிடம் ஒரு காடியை விட வேண்டுமானால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நாற்பத்தாறு வயது, இரண்டு முட்டியிலும் வலி, வாய் மட்டும் ஒருநாளும் வலித்ததில்லை.

அந்த வாய் பன்னிரண்டு நாளாக அடங்கிக் கிடந்தது. தம்பி தனேந்திரன் தடுப்புக்காவலில் இருந்தான்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மன் கோவில் அன்னதானத்துக்குச் சாம்பார் கொண்டுபோனான் தனேந்திரன். அவனுடைய வெள்ளை ஸ்டார்லெட் டர்போ காடியின் முன்சீட்டில் பெரிய பானையை வைத்து, அதற்கு சீட்பெல்ட்டும் போட்டிருந்தான். பட்டறையிலிருந்து கோவிலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாதி வழியில் ஒரு சந்திலிருந்து பேசும் வேன் ஒன்று விருட்டென்று வந்து ஸ்டார்லெட்டின் பின்பக்கம் மோதி, அதே வேகத்தில் போய்ச் சாக்கடையில் சாய்ந்தது. வேனில் ஃபாதிஹா என்ற தாதி இருந்தாள். அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

வேன் என்ன சொல்லிற்று? ஊமைக்காடி தொடர்ந்து மூன்று நிமிடமாகத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. மோதியது. ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் இறங்கிச் சாலையோடு ஓடித் தப்ப முயன்றார். காயம்பட்டவரைக் கைவிட்டு ஓடுவது பெரிய குற்றம். மூன்று வருடச் சிறை, காடியை நசுக்கிப்போடுவது, இரண்டும் உண்டு.

"சாம்பார்ப் பானைய பக்கத்துல வச்சிகிட்டு எவனாச்சும் தொண்ணூத்தாறுல போவானா லோயரம்மா?" என்று யோகமலர் முதல் நாளே கேட்டாள்.

வழக்கறிஞர் பிரெசில்லா சூசை உதட்டைப் பிதுக்கினாள். முப்பது வயதுப் பெண், இந்த வட்டாரத்தில் ஊமைக்காடி வழக்குகளை எடுக்கத் துணிந்த ஒரே ஆள். "சாம்பார் சாட்சி சொல்லாது அக்கா. அந்தத் தாதியே கடுதாசி எழுதியிருக்காங்க, இவருதான் என்னய வெளிய தூக்குனாருனு. அதக்கூட 'பொதுமக்கள் கருத்து'னு ஒரு கோப்புல போட்டு மூடிட்டாங்க."

யோகமலருக்கு உறுத்தியது வேறொன்று. பிரெசில்லா அவளுக்கு வேனின் படத்தைக் காட்டியிருந்தாள். அதில் தனேந்திரன் ஓடினான். அதே நீலச் சட்டை, அதே ஒல்லி முதுகு, மேரு சாலையோரமாகத் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓடினான். தன் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்த கையோடு தடுப்புக்காவலுக்குப் போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"தனே, என்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுடா. பயத்துல கொஞ்ச தூரம் ஓடுனியா?"

அவன் அவளையே பார்த்தான். "நீயும் அந்தப் படத்த நம்பிட்டியா அக்கா?" என்றான். எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவளைப் பார்க்க அவன் வரவில்லை. பிரெசில்லா மட்டும் போய்வந்தாள். அவன் அக்காவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்று அவள் சொல்லும்போதெல்லாம் யோகமலர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவாள். கூடப் பிறந்தவனை விட்டுவிட்டு ஒரு டப்பா வேனை நம்பினோமே என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நாள் பிரெசில்லா பட்டறைக்கே வந்தாள். எஞ்சின் கழற்றும் மேசை மேல் தட்டைத் திரையை வைத்துப் படத்தை மறுபடி ஓட்டினாள்.

"ஒண்ணு கேள்விப்பட்டேன் அக்கா. நிரூபிக்க முடியல. இந்த வேனு சந்துலேருந்து வெளிய வந்தப்ப காலை வெயிலு நேரா கண்ணுல அடிச்சிருக்கு. கொஞ்ச நேரம் அதுக்கு ஒண்ணுமே தெரியல. அப்புறம் சாக்கடையில சாஞ்சிருச்சு, பாதி கண்ணு மண்ணுல."

"சரி."

"பொது நினைவுல ஓட்டை இருக்கக் கூடாதாம். அதனால பாக்காத எடத்த அதுவா ஊகிச்சு நெரப்பிக்குமாம். இந்த மாதிரி காடி, இந்த மாதிரி ஆளு, வழக்கமா என்ன செய்வான்? அத வரைஞ்சிக்கும். எல்லா வண்டிக்கும் ஒரே நினைவுதான், அதனால எல்லாம் ஒரே மாதிரிதான் சொல்லும்."

யோகமலர் கைத்துணியை மேசையில் எறிந்தாள். "அப்ப நம்ம பையனுங்க டர்போ காடியில போனா வேகமாத்தான் போவானுங்க, இடிச்சா ஓடித்தான் போவானுங்க. பாக்கவே வேணாம், இல்ல?"

"அப்டித்தான்."

"நானும் நம்பிட்டேன் பாரு."

பிரெசில்லா விரலால் படத்தை மோதலுக்கு நகர்த்தினாள். "காதுல விழுந்தத மட்டும் அது மாத்தாதாம். சத்தம் அப்டியே இருக்கும். ஆனா சத்தத்துல என்னா இருக்கு? எனக்கு ஒண்ணும் புரியல. எஞ்சின் ஓடுது, நிக்குது, அவ்ளோதான்."

"போடு, கேப்போம்."

படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் போட்டாள். டமார் என்று மோதல். கண்ணாடி உடைந்தது. யாரோ பெண் கத்தினாள். அதற்குப் பின்னால் தன் கையால் கழற்றிப் பூட்டிய எஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டிருந்ததை யோகமலர் கேட்டாள். பெற்ற பிள்ளையின் இருமலை அடையாளம் கண்டுகொள்கிற மாதிரிதான் அவளுக்கு அது. உறுமல் நீண்டது. பிறகு சொல்லிவைத்தாற்போல நின்றது.

"நிப்பாட்டு. மோதுனதுலேருந்து எவ்ளோ நேரம்?"

பிரெசில்லா பார்த்தாள். "நாப்பது விநாடி."

"அவன் ஒரு அஞ்சு விநாடியில சாவிய உருவியிருப்பான். அப்ப முப்பத்தஞ்சு." யோகமலர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "முப்பத்தஞ்சு விநாடி லோயரம்மா!"

"என்னா அக்கா, பயமுறுத்தாதீங்க."

"இவ்ளோ நாளு ஊமைக்காடிக்கு வாதாடுறியே, டர்போ டைமர் தெரியாதா? டர்போன்றது எஞ்சின் புகையில சுத்துற காத்தாடி. நல்லா மிதிச்சு ஓட்டுனா தணல் மாதிரி செவந்து போயிரும். அப்ப பட்டுனு எஞ்சின நிறுத்துனா உள்ள இருக்கிற எண்ணெ தீஞ்சு கரியாயிரும், டர்போ காலி. அதனால நிறுத்துறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் சும்மா ஓட விடணும். ஓடியாந்தவன ஒடனே படுக்க வைப்பாங்களா? அந்த மாதிரி. ஆனா எவன் உக்காந்துகிட்டு இருப்பான்? அதுக்குத்தான் ஒரு சின்னப் பொட்டி. சாவிய உருவிட்டுப் போயிரலாம். எஞ்சின் பாட்டுக்கு ஓடி, ஆறினதும் தானா நின்னுக்கும்."

பிரெசில்லா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். "அப்ப அவரு எஞ்சின அணைக்காம ஓடலியா?"

"அணைச்சிட்டுத்தான் எறங்கியிருக்கான். கை பழக்கம். எங்காளுங்க வீட்டுல நெருப்புப் புடிச்சாக்கூட சாவிய உருவிட்டு டைமரு பாட்டுக்கு ஓடட்டும்னு போயிருவானுங்க. இன்னும் கேளு. அந்தப் பொட்டி நான் செஞ்சது. கடைசி அஞ்சு நிமிசம் எப்டி ஓட்டுனானு சூட்டப் பாத்து, எவ்ளோ நேரம் ஆற விடணும்னு அதுவே கணக்குப் போடும். மெதுவா போயிருந்தா அரை நிமிசம், கொஞ்சம் கூட. மூணு நிமிசமா தொண்ணூத்தாறுல மிதிச்சிருந்தா மூணு நிமிசத்துக்குக் கொறையாது."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். நாற்பது விநாடியில் நின்ற சத்தம் அதில் ஒரு கோடாகக் கிடந்தது. அது ஊமைக்காடியின் பேச்சு அல்ல. பேசும் வேன் தன் காதால் கேட்டுத் தானே பதிந்துவைத்தது.

*

தீர்ப்பகத்தின் விதிகளில் துருப்பிடித்த விதி ஒன்று இருந்தது. சான்றுப் பொருளை அழிப்பதற்கு முன் அதன் உரிமையாளரோ அவர் சார்பாளரோ அது இயங்கும் விதத்தை ஒருமுறை காட்டலாம். பதினேழு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பிரெசில்லா கேட்டாள். அடுத்த செவ்வாய் காலை பத்து மணி என்று பதில் வந்தது.

தீர்ப்பகம் முன்பு வாகனச் சோதனை நிலையமாக இருந்த கட்டடம். பின்னால் வட்டமாக ஒரு சோதனைச் சாலை இன்னும் இருந்தது. முற்றத்தில் அதிகாரிகளின் பேசும் வண்டிகள் ஒன்பது வரிசையாக நின்றன. நின்றாலும் அவை கண்ணை மூடுவதில்லை. தாழ்வாரத்தின் பருத்த தூண்களுக்குப் பக்கத்தில் அதிகாரி ரொஸ்னா அம்மையார், எல்லாருக்கும் புவான் ரொஸ்னா, கையில் திரைப்பலகையோடு காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கசங்காத தலைத்துணி, சிரிக்காத முகம். பதினோரு வருடமாகத் தீர்ப்புகளில் கையெழுத்துப் போடுபவர். பேச்சு முழுக்க மலாய் மொழியில் நடந்தது.

"ஒரு மணி நேரம்தான்," என்றார். "ஊமை வண்டிக்கு எங்கேயும் ஐம்பதுதான் வேகம். இந்தச் சாலைக்கும் அதுதான்."

ஸ்டார்லெட்டின் பின்பக்கம் நசுங்கியிருந்தது. கதவைத் திறந்தவுடன் புளித்த சாம்பார் வாடை குப்பென்று அடித்தது. சீட்டெல்லாம் மஞ்சள் காய்ந்திருந்தது, ஒரு முருங்கைக்காய்த் துண்டு கியருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யோகமலர் அதை எடுத்துக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள். ஏன் வைத்துக்கொண்டாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

முதலில் நாற்பதில் ஐந்து நிமிடம் சுற்றினாள். நின்று, சாவியை உருவி, சன்னல் வழியாக வெளியே நீட்டிக் காட்டினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ரொஸ்னாவின் புருவம் முதல்முறையாக அசைந்தது. முப்பத்து நான்கு விநாடியில் எஞ்சின் தானாக நின்றது.

"அடுத்தது தொண்ணூற்றாறு," என்றாள் யோகமலர்.

"அனுமதி இல்லை. ஐம்பதுக்கு மேல் போனால் உன் உரிமத்தை எடுத்துக்கொள்வேன். இரண்டு வருடம்."

பிரெசில்லா ஓடிவந்து சன்னலில் குனிந்தாள். "அக்கா, வேணாம். உங்க தொழிலே ஓட்டிப் பாக்கிறதுதான். லைசென்ஸ் போனா என்னா செய்வீங்க?"

"எடுத்துக்கட்டும். அது நெசமான குத்தம். நான் செஞ்ச குத்தத்துக்கு நான் தண்டனை வாங்கிக்கிறேன். செய்யாத குத்தத்துக்கு என் தம்பி ஏன் உள்ள கெடக்கணும்?"

மிதித்தாள். ஸ்டார்லெட் ஒரு கணம் யோசித்தது, டர்போ மூச்சை இழுத்தது, பிறகு முதுகைப் பிடித்துத் தள்ளியதுபோல் பாய்ந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அழுத்தக் காற்று புஸ்ஸென்று வெளியேறியது. அறுபது, எண்பது, தொண்ணூற்றாறு. சுற்றும் வளைவுகளில் டயர் அலறியது. மூன்று வாரமாக அவள் விழுங்கிவைத்திருந்த கோபமெல்லாம் வலது காலில் இறங்கியிருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? பேசும் வண்டிகள் ஒன்பதும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கட்டும் என்று இன்னும் ஒரு சுற்றுப் போனாள். மூன்று நிமிடம் சரியாக முடிந்ததும் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திச் சாவியை உருவினாள். டைமரில் மூன்று நிமிடம் பத்து விநாடி என்று விழுந்தது.

"பார்த்துக்கொள்ளுங்கள் புவான்."

"நீ உள்ளே உட்கார்ந்து எதையாவது அழுத்திக்கொண்டிருக்கிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் ரொஸ்னா. "வெளியே வா. என் பக்கத்தில் வந்து நில்."

யோகமலர் இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு நடந்து, தூணுக்கு இந்தப் பக்கம் அவர் அருகில் நின்றாள். ஆளில்லாத ஸ்டார்லெட் முற்றத்தில் தன் பாட்டுக்கு உறுமியது.

ஒரு நிமிடம் ஆனது. ரொஸ்னா பலகையைத் தாழ்த்தினார். "புரிகிறது. ஆனால் பயனில்லை. இந்தப் பெட்டியைச் செய்தவள் நீ. நீ சொல்லிக்கொடுத்ததை அது சொல்கிறது. ஊமை வண்டியின் கருவி சாட்சியாகாது. வேன் கேட்ட சத்தத்துக்கு அர்த்தம் சொல்வதும் மனிதப் பேச்சுதான், அதுவும் செல்லாது. எனக்கும் வருத்தம்தான்."

"அந்த வேனும் யாரோ செய்த பெட்டிதானே புவான்?"

"நான் சட்டத்தைச் சொல்கிறேன்."

யோகமலர் ஸ்டார்லெட்டைப் பார்த்தாள். அவ்வளவுதானா? உரிமமும் போச்சு, தம்பியும் போனானா? பிரெசில்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது ரொஸ்னாவின் கையில் இருந்த பலகை ஒலித்தது. ஒருமுறை, இரண்டுமுறை, நிற்காமல் ஒன்பது முறை. அவர் அதைப் பார்த்தார். பிறகு யோகமலரைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"என்ன புவான்?"

யோகமலர் எட்டிப் பார்த்தாள். ஒன்பது வண்டிகளும் ஒரே வாசகத்தை அனுப்பியிருந்தன. ஊமை வண்டி அனுமதியற்ற வேகத்தில் ஓடியது. ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். வடக்கு வாசல் வழியாகத் தப்பியோடிவிட்டார். கீழே படமும் இருந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண், யோகமலரின் கொண்டை, யோகமலரின் தோள், திரும்பிப் பார்த்துப் பார்த்து வாசலைத் தாண்டி ஓடினாள்.

"நான் இவ்வளவு வேகமாக ஓடுவேனா?" என்றாள் யோகமலர். "முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன் புவான்."

தூண் மறைத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஒன்பது வண்டிகளுக்கும் அவள் தெரியவில்லை. தெரியாத இடத்தை அவை நிரப்பிக்கொண்டன.

"ஏதோ கோளாறு," என்று ரொஸ்னா முணுமுணுத்தார். விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

"அழிக்காதீர்கள்." யோகமலரின் குரல் முற்றம் முழுக்கக் கேட்டது. "வழக்குப் போடுங்கள். ஒன்பது சாட்சி ஒத்துப்போனால் மேல்முறையீடே கிடையாது என்பது உங்கள் சட்டம்தானே? நான் தப்பியோடிவிட்டேன் என்று கையெழுத்துப் போடுங்கள். போட்டுவிட்டு, ஓடிப்போனவளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று அதற்குக் கீழே எழுதுங்கள். என் தம்பி ஓடியதும் இதே படத்தில்தான் புவான். அவன் சாக்கடைக்குள் இறங்கி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டிருந்தான். வேனுக்கு அவன் தெரியவில்லை. எனக்கே அந்தப் படம் போதுமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்த்து ஓடினாயா என்று கேட்டேன். கூடப் பிறந்தவள் கேட்டேன்!"

அழுகை வந்தது. அடக்கவில்லை. அழுதுகொண்டே இடுப்பில் கைவைத்து நின்றாள். ஸ்டார்லெட் உறுமிக்கொண்டே இருந்தது. மூன்று நிமிடம் பத்து விநாடி முடிந்து எஞ்சின் நின்றபோது முற்றம் வெறிச்சென்று ஆனது.

தீர்ப்பகத்தின் படிவத்தில் கடைசிக்கு முந்திய கட்டம் ஒன்று உண்டு. 'அதிகாரி நேரில் கண்டது' என்று அதன் தலைப்பு. சட்டம் மாறியபோது அதை நீக்க மறந்துவிட்டார்கள். ஒன்பது வருடமாக எல்லாரும் அதில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போனார்கள், ரொஸ்னாவும்தான். இன்று அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். எழுதி முடித்துப் பலகையைத் திருப்பிக் காட்டினார்.

'ஒன்பது வண்டிகளும் ஓடிவிட்டதாகச் சொல்லும் பெண் என் இடது பக்கத்தில் நிற்கிறாள். அழுதுகொண்டிருக்கிறாள். வடக்கு வாசல் போன வருடமே சுவர் எழுப்பி அடைக்கப்பட்டுவிட்டது.'

கீழே கையெழுத்துப் போட்டார்.

"உரிமத்தைக் கொடு," என்றார் ரொஸ்னா. "தொண்ணூற்றாறு போனாய். அதை நானே என் கண்ணால் பார்த்தேன்."

"அது நிஜம் புவான்," என்று சொல்லி யோகமலர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

*

தனேந்திரனையும் காடியையும் விட்டார்கள். ஆனால் அந்த வாரமே மேலிடத்திலிருந்து அறிக்கை வந்தது. நடந்தது தனிப்பட்ட ஒரு கோளாறு, பொது நினைவில் குறையேதும் இல்லை, பழைய தீர்ப்புகள் எதுவும் திறக்கப்பட மாட்டா என்றது. உள்ளே இன்னும் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்று பிரெசில்லா ஒரு பட்டியல் போட ஆரம்பித்து, இரண்டாம் தாளுக்குப் போய்விட்டாள்.

தனேந்திரன் வெளியே வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவனை அழைத்துவர யோகமலர் போனாள். ஓட்ட உரிமம் இல்லையே, அதனால் பிரெசில்லாதான் ஓட்டினாள். ஸ்டார்லெட்டின் கிளட்சை அவள் படுத்திய பாட்டுக்கு யோகமலர் வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் தம்பியைக் கண்டதும் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் இளைத்திருந்தான். அவளைப் பார்க்காமல் காடியைச் சுற்றிவந்தான், நசுங்கிய பின்பக்கத்தைத் தடவினான், கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தான்.

"கழுவலியா?"

"நீ வரட்டும்னு வச்சிருக்கேன். ஓம் சாம்பாரு, நீதான் கழுவணும்."

அவன் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் சீட்டில் ஏறினான். பிரெசில்லா பின்சீட்டுக்குப் போனாள். பாதி வழி வந்தார்கள்.

"நான் கேட்டிருக்கக் கூடாதுடா," என்றாள் யோகமலர்.

"ஆமா," என்றான் அவன். கொஞ்ச தூரம் போனபின், "நீயும் ஓடுன படம் பாத்தேன். லோயரம்மா காட்டுனாங்க. பாத்ததும் எனக்கும் ஒரு நிமிசம் அப்டித்தான் தோணுச்சு, அக்கா தம்பிய விட்டுட்டு ஓடிட்டாளோனு."

"எருமமாடு," என்றாள் அவள். முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேரு சாலை ஏற்றத்தில் அவன் ஒரு மிதி மிதித்தான். "டேய்" என்றாள், தடுக்கவில்லை.

பட்டறைக்கு எதிரே தகரக்கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக்கடை உண்டு. அதன் முன்னால் ஊமைக்காடிகள் வரிசையாக நின்றன. கிள்ளானிலிருந்து, காப்பாரிலிருந்து, பந்திங்கிலிருந்துகூட வந்திருந்தன. அந்த 'ஒரு கோளாறு' எத்தனை ஆகிறது பார்ப்போம் என்று பிரெசில்லா எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது, ஒன்றிலும் ஆளில்லை. சாலையின் அந்தப் பக்கம் நின்ற பேசும் வண்டிகளின் கண்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தன. தனேந்திரன் கடைசியாகக் கொண்டுபோய் நிறுத்தினான்.

"எவ்ளோ காட்டுது?" என்றாள் யோகமலர்.

"ரெண்டு இருவது."

"வா."

சாவியை உருவினான். மூவரும் இறங்கி, தகரக்கூரைக்கு அடியில், சாலைக்குத் தெரியாத பக்கமாகப் போய் மற்ற ஓட்டுநர்களோடு உட்கார்ந்தார்கள். கடைக்காரர் கேட்காமலே மூன்று தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். பிரெசில்லா தன் பலகையில் பொது நினைவைத் திறந்து மேசையில் சாய்த்து வைத்தாள். ஒலி நிற்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிள்ளான் மேரு சாலையிலிருந்து நாற்பத்தேழு பேர் தப்பியோடிவிட்டதாகப் பொது நினைவு பதிந்துகொண்டது. நாற்பத்தேழு பேரின் படமும் அதில் இருந்தது. பட்டியலில் தனேந்திரனின் பெயரைக் கண்டுபிடித்து யோகமலர் விரலால் தொட்டாள்.

"மறுபடி ஓடிட்டியாடா?"

"ஆமாக்கா," என்று சொல்லிவிட்டு, அவள் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டான்.